ஒன்று புள்ளி எட்டு கிராம்

எறையூர்,
டிசம்பர் 29

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை தமிழழகன் அவர்களுக்கு,

மாமனார் அரியமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், உங்கள் அத்தை சிந்தாமணியும், போன வாரம் கன்று ஈன்ற மாடும் சுகம். ஓசூர்க் குளிரில் நீங்களும் மேகலாவும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை வாட்ஸப்பிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். இது கட்டைவிரலில் அடங்குகிற சமாசாரம் இல்லை.

போன மாதம் நீங்கள் போனில், "மாமா, ஒரு ரெக்கார்டு பிளேயர் பார்சல்ல வருது. பொங்கலுக்கு நான் வர்ற வரைக்கும் யாரும் பிரிக்க வேணாம்" என்றீர்கள். சரிங்க மாப்பிள்ளை என்றுதான் சொன்னேன். போனை வைத்ததும் மனசு சுருக்கென்றது. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்தவன் நான். கரும்பு ஏற்றி வந்த எந்த விவசாயியும் என் எடையில் சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை வண்டியை ஏற்றச் சொன்னதில்லை. ஊரே நம்பிய கையை வீட்டு மாப்பிள்ளை ஒரு அட்டைப் பெட்டி விஷயத்தில் நம்பவில்லையே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பார்சல் வந்ததும் பிரித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் நடந்ததை யோசித்துப் பார்த்தால் மன்னிப்புக்கு அங்கே வேலையே இல்லை, பெருமைக்குத்தான் இருக்கிறது.

பிரித்த உடனே ஒரு குறை கண்டுபிடித்தேன். உள்ளே பெல்ட் இல்லை. மாவு மில்லிலிருந்து தையல் மிஷின் வரை சுற்றுகிற எதற்கும் பெல்ட் உண்டென்று பார்த்து வளர்ந்தவன், சும்மா இருப்பேனா? பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், பார்சல் ஆபீசில் பெல்ட் திருட்டுப் போனதாக எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் பஞ்சர் கடை வீரமணியிடம் பொருத்தமாக ஒரு பெல்ட் கேட்டேன். அவன் கூடவே வீட்டுக்கு வந்து, தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெல்ட்டே கெடையாதுங்க. மோட்டாரு மேலயே தட்டு குந்திருக்கு, நேரா சுத்தும்" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. இடைத்தரகர் இல்லாத ஏற்பாடு. அந்த நிமிஷமே இந்த மிஷின்மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது. மறுநாளே போய்ப் புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்து மட்டம். நம் கூடம், கழுவிய தண்ணீர் வடிய வேண்டுமென்று கொத்தனார் வாட்டம் விட்டுக் கட்டியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிளேயரின் அடியில் இருந்த கால்களை அரைத் திருகு, கால் திருகாகத் திருகி, குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்த ஒரு மத்தியானம் ஆனது. நிறுத்தி நிமிர்ந்தால், இது அரவைக் காலமல்லவா, இரட்டை டிரெய்லர் மாட்டிய கரும்பு டிராக்டர் ஒன்று வாசலில் போனது, மேசை அதிர்ந்து ஊசி துள்ளியது. டிராக்டரை நிறுத்த முடியாது, ஆலை நின்றுவிடும். அதனால் வீரமணியிடம் ஒரு மொபெட் டியூப் வாங்கி, பாதிக் காற்று அடித்து, அதன்மேல் உங்கள் அத்தை சப்பாத்தி தேய்க்கும் கிரானைட் பலகையை வைத்து, அதன்மேல் பிளேயரை உட்கார வைத்தேன். இப்போது லாரியே போனாலும் ஊசி அசைவதில்லை. சப்பாத்திதான் பத்து நாளாக இல்லை.

இனிமேல்தான் என் தொழில். ஊசி இசைத்தட்டின்மீது ஒன்று புள்ளி எட்டு கிராம் அழுத்த வேண்டுமென்று புத்தகத்தில் போட்டிருந்தது. லப்பைக்குடிக்காட்டு நசீருதீன் பாய், உங்கள் கல்யாணப் பந்தியில் முன்னால் நின்று கவனித்தாரே அவர்தான், குவைத்திலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளைப் பீரோ நிறைய வைத்துக்கொண்டு போட்டுக் கேட்க வழியில்லாமல் இருந்தார். நாலு தட்டும், நகைக்கடை வைத்திருக்கும் தம்பியிடம் வாங்கிய சின்னத் தராசுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். டன் கணக்கில் எடை போட்ட எனக்கு இது தூசு என்று நினைத்து, ஊசி மாட்டிய கையின் பின்பக்கத்து எடைக்கட்டியைத் திருகி ஊசியை வைத்தேன். ஊசி முதல் வரியிலிருந்து வழுக்கிக்கொண்டு நேரே கடைசி வரிக்குப் போனது. பாட்டு தொடங்கியதும் முடிந்தது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் அப்படியே. பாய் தராசை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு புள்ளி நாலுதானே வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஆமா பாய், கழிவு போக."

"என்ன கழிவு?"

"தோகை, மண்ணு, கட்டுக்கயிறு. வண்டியில வர்ற எடையில அதக் கழிக்கணும்ல."

பாய் குனிந்து ஊசியை நுனி வரை பார்த்தார். "அல்லா மேல ஆணையா சொல்றேன்ணே, இந்த ஊசியில தோகை இல்ல."

உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, முப்பத்து நான்கு வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கழித்திருக்கிறது. கழித்ததைத் திருப்பிப் போட்டேன். ஊசி ஒழுங்காக நின்றது.

வேகத்திலும் ஒரு சிக்கல். சுழலும் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. தட்டு சுற்றுகிறது, புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கோளாறு என்று எண்ணி, பக்கத்திலிருந்த பொத்தானைத் தள்ளித் தள்ளிப் புள்ளிகளை ஓடவிட்டேன். அடுக்களையிலிருந்து சிந்தாமணி, "ஏங்க, பாடுறவரு கடைசி பஸ்ஸ விட்டுட்டாரா? இந்த ஓட்டம் ஓடுறாரு" என்றாள். பிறகு அவளே புத்தகத்தில் படத்தைக் காட்டி, புள்ளி நின்றால்தான் வேகம் சரி என்றாள். நிறுத்தினேன். பாடகர் நின்று நிதானமாக, மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கும்படி பாடினார். நசீருதீன் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் கையால் செய்தேன் என்று அன்று முழுக்கக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பொங்கலுக்கு நீங்கள் வந்தால் எந்த வேலையும் இல்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டால் போதும். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டாம்.

நீங்களும் மேகலாவும் பால் பொங்குகிற வீடாக, பேச்சும் சிரிப்புமாக நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
அரியமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில், அட்டைப் பெட்டியை மடித்துப் பரணில் போட எடுத்த சிந்தாமணி, தெர்மாக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். உங்கள் கையெழுத்து. "மாமா, இது உங்களுக்குத்தான். எங்க அப்பா சிங்கப்பூரிலேயே இருந்துவிட்டதால், அவரோடு உட்கார்ந்து நான் எதையும் கழற்றி மாட்டியதில்லை. பொங்கல் லீவு நாலு நாளும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இதை மாட்டுவோம். எடை வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு, எனக்குக் கை நடுங்கும்." அதை நான்கு தடவை படித்தேன். படித்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, இருந்தது இருந்தபடி பெட்டியில் வைத்து, டேப் ஒட்டிவிட்டேன். கடிதத்தையும் கிழிக்கப் போனேன். சிந்தாமணி, "ரெண்டு நாளு எழுதுனதக் கிழிச்சா ஒங்களுக்குத் தூக்கம் வராது, தபால்ல போடுங்க" என்றுவிட்டாள். எனவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. சீக்கிரம் வாருங்கள் மாப்பிள்ளை. எனக்கு இந்த மிஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாது, கொஞ்சம் நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள்.