பதினோரு பக்க அறிமுகம்

வரலாறு தெரிந்தவனை இந்த ஊர் மதிப்பதே இல்லை. இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஒரகடம் கம்பெனியில் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் ஓடியும் ஆரம்பித்தவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவன் கிடாரை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். (ரூமில் பாயும் பக்கெட்டும் அப்படித்தான் கைமாறும்.) டிரம்ஸ் அடித்தவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஆனால் ஒருமுறைகூட மேடை கிடைக்கவில்லை. கேட்டால், சத்தமாம். நாள் முழுக்க பிரஸ் மெஷின் பாடுவது என்ன தாலாட்டா?

ஒருவழியாக ஆயுத பூஜை அன்று பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். பாடகன் முத்துவுக்கு அந்த வாரத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. விட்டால் வேறு வாய்ப்பில்லை.

"ஏல, நீதான டிகிரி படிச்சவன்? ரெண்டு வார்த்தை பேசி எங்கள அறிமுகப்படுத்து," என்றான்.

ரெண்டு வார்த்தையா! எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். மைக் பிடிக்கிற முதல் ஆளும் நான்தான். மணிமங்கலத்திலிருந்து அப்பா வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.

மஞ்சள் காமாலையால் விலகிய மூன்றாவது டிரம்மரிடம் வரும்போது, பின்னாலிருந்து முத்து, "போதும்ல!" என்றான். தன்னடக்கம் என்று நினைத்தேன். ஐந்தாவது டிரம்மரின்போது மேனேஜர் வாட்சைத் தட்டிக் காட்டினார். (எனக்கும் மணி பார்க்கத் தெரியும் சார்.) முத்து சட்டையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு ஆறாவது ஆளுக்குப் போனேன்.

கடைசிப் பக்கம் முடிந்தது. "இதோ, உங்கள் முன்னால்..." என்று கையை நீட்டினேன்.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. பொரி பொட்டலத்தோடு மொத்தக் கூட்டமும் பஸ்ஸுக்கு ஓடியது. கரண்ட்டையும் பிடுங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் தனியாக உட்கார்ந்து கை தட்டினார்.

"இன்னாடா, பாட்டு எப்போ?"

முத்து கிடாரை உறையில் போட்டான். "பன்னெண்டு வருசத்துல கெடச்ச ஒரே மேடைய நீயே பேசித் தீத்துட்டியே, பாவி!"

பஸ் சீக்கிரம் கிளம்பியதற்கு நானா பொறுப்பு?

இன்றும் வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், அப்பா, "பஸ்ஸு பூடும்டா," என்கிறார்.

போன மாதம் என் கல்யாண வரவேற்புக்கு முத்து கிடாரோடு வந்தான். முழுசாகப் பதினைந்து நிமிடம் பாடினான். அதற்கு முன், அவன் யாரென்று பெண் வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று எழுந்தேன். இரண்டு பேர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

ஒருவர் அப்பா. இன்னொருவர், அன்று காலைதான் என் கையால் தாலி கட்டிக்கொண்டவர்.