தேடுபெட்டிக்கு மனு போடுபவர்

இணையத்தில் ஆவணம் தேடுகிறவர்களில் மனு எழுதித் தேடுபவர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். தேடுபெட்டியை அவர் பெட்டியாக நினைப்பதில்லை; மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரியாகவே நினைக்கிறார். அதிகாரியிடம் ரெண்டு வார்த்தையில் பேசலாமா? ஆகவே வணக்கம் சொல்லி, விஷயம் சொல்லி, சம்பந்தப்பட்டவரின் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, 'கனிவுடன் தேடித் தருமாறு' என்று முடித்து, முற்றுப்புள்ளியும் வைத்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இந்த இனத்துக்குத் தலைவர் பூதலிங்கம். ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பழவங்காடியில் பூ விற்கும் பேச்சியை நடைபாதையை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பழைய வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாதென்று முன்பே ஓர் உத்தரவு இருக்கிறதாம். அதைக் காட்டினால் இடம் தப்பும். பேச்சி நேராக இவரிடம் வந்தாள். எழுதத் தெரிந்த மனிதர் அல்லவா?

எழுதினார். மலையாளத்தில், மரியாதை குறையாமல், பேச்சியின் புருஷன் செத்தது முதல் அவளுடைய மூட்டுவலி வரை எழுதினார். உத்தரவில் இருக்கக்கூடிய சொல்லை மட்டும் எழுதவில்லை. முடிவுகள் எதுவும் இல்லை என்றது திரை. நாமென்றால் சொல்லைக் குறைப்போம். அவர் கூட்டினார். நியாயமான அவகாசம் கொடுத்து, மறுநாள் அதே மனுவை, தலையில் 'நினைவூட்டு' என்று சேர்த்து, மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை. நினைவூட்டுக்கும் இல்லையென்று பதில் வந்தால் கோப்பை மூடுவதுதான் ஆபீஸ் வழக்கம். மூடினார்.

"அப்படி ஓர்டரே இல்ல, கேட்டியா பேச்சி. ரெண்டு மட்டம் பதில் வந்தாச்சு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

அன்றைக்கே நோட்டீஸ் தந்த ஆபீசுக்குப் போய், இடத்தைக் காலி செய்து தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

விஷயத்தைத் தாமதமாகக் கேள்விப்பட்ட பூதலிங்கத்தின் மருமகள் ஷீஜா, மலையாளத்தில் 'நடைபாதை வியாபாரிகள்' என்று மட்டும் அடித்தாள். வந்து குவிந்ததைப் பார்த்து, ஊர்ப் பெயரைச் சேர்த்து, பழைய வருஷங்களை மட்டும் காட்டச் சொன்னாள். உத்தரவு பட்டியலில் முதலாவதாகவே இருந்தது. பேச்சி உட்கார்ந்த இடத்தில் அதற்குள் கம்பிவேலி போட்டாகிவிட்டது.

பூதலிங்கம் வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? கண்ணாடியை மாட்டி உத்தரவை முழுசாக வாசித்தார்.

"பாத்தியா மோளே, நம்ம நினைவூட்டு கடைசியில பலிச்சிட்டு."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பேச்சி இப்போது பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே விற்கிறாள். போலீஸ்காரரைக் கண்டால் நடக்கிறாள். அண்ணாச்சி தனக்காக ரெண்டு நாள் பாடுபட்டார் என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏதோ தேடித் தரச் சொன்னபோது, நெட்டிலேயே இல்லையென்று சொல்லி அனுப்பினீர்களே, பெட்டியில் என்ன எழுதினீர்கள்? அவரும் உங்களை நம்பித்தான் திரும்பிப் போனார்.