நானாக விட்டுவிட்டவர்கள்

வாசகரே, இந்தப் பூமியில் வேலை போனவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று, பெட்டியும் தலையணையுமாக ஊர் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேனேஜர் சரியில்லாததால் விட்டவர், தண்ணீர் ஒத்துக்கொள்ளாததால் விட்டவர், அம்மாவுக்கு உடம்பு முடியாததால் விட்டவர் (அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்), தன்மானத்தால் விட்டவர் என்று வகை வகையாக அகப்படுவார்கள். 'என்னை அனுப்பிவிட்டார்கள்' என்று சொல்ல மட்டும் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். இந்த இனத்துக்கு நான் 'நானாவிட்டார்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்வார்கள். சொல்லும்போது லேசாகச் சிரிப்பார்கள், கண் மட்டும் அந்தச் சிரிப்பில் சேராது. இன்னொன்று, இவர்களிடம் ஒரே காரணம் இருக்காது. ஆளுக்குத் தகுந்தபடி அளவெடுத்துத் தைத்த காரணம் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு நாகல் நகர் தஹ்சீனைப் பார்ப்போம். இந்த இனத்தில் இவ்வளவு இளசாக இப்படியொரு உருப்படி அமைவது அபூர்வம். காட்சித் தொடர்பியல் கடைசி ஆண்டு. மூன்று மாதம் ஏதாவது ஒரு ஊடகத்தில் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம், இல்லையென்றால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். தஹ்சீனுக்குச் சென்னையில் ஒரு செய்திச் சேனலிலேயே இடம் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், அம்மா ரம்ஜான் பீவி, "எம்மவ டிவில வரப்போறா" என்று தெருவுக்கே அறிவித்து, மீன்காரரைக்கூட நிற்க வைத்துச் சொல்லி, கடைசியில் தஹ்சீன் பஸ் ஏறும்போது நாகல் நகரில் பாதிப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள்.

சென்னைக்குப் போன பத்தாம் நாள் காலையில் அலுவலக வாட்ஸப் குழுவில் தஹ்சீன் 'குட்மார்னிங்' என்று அடித்துக்கொண்டிருந்தாள். பாதி அடிக்கும்போதே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இணையப் பிரிவையே மூடியாயிற்றாம், இன்டர்ன்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகலாமாம். 'மார்னிங்' கைப்பேசியிலேயே நின்றுபோனது.

அழுதாளா? அழுதாள். விழுப்புரம்வரை அழுதாள். திருச்சியில் முகம் கழுவினாள். திண்டுக்கல்லில் இறங்கியதும் ஆட்டோக்காரர் சடையாண்டி பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்: "என்ன பாப்பா, அதுக்குள்ள லீவா?"

"லீவெல்லாம் இல்லண்ணே. பிடிக்கல. நானா விட்டுட்டேன்."

இனத்தில் ஒன்று கூடியது.

அன்று சாயந்திரத்துக்குள் தையல் வேலை முடிந்தது. அம்மாவுக்கு ஒரு காரணம்: "சாப்பாடு வாயில வைக்க முடியலம்மா." ரம்ஜான் பீவி அந்த நிமிடமே கறி எடுக்கக் கிளம்பினார். தோல் வியாபாரம் செய்யும் அத்தா கிதர் முகம்மதுவுக்கு வேறு: "நைட் டூட்டி போடப் பாத்தாங்கத்தா." அத்தா பெருமையோடு மகளின் தலையைத் தடவினார். கூடப் படிக்கும் தமிழ்நிலாவுக்கு, "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லடி?" என்ன கொள்கை என்று தமிழ்நிலா கேட்கவில்லை. கொள்கை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு காரணம் செல்லுபடியானதும் இன்னொன்று சொல்லிப் பார்க்க நாக்கு துடிக்குமே! பக்கத்து வீட்டு பாஸிலா மாமி வந்து, "ஏன்மா, நல்ல எடமாச்சே?" என்று இழுத்ததும் தஹ்சீன் தன் வாழ்நாளின் சிறந்த காரணத்தை வெளியிட்டாள்.

"என்னையப் போயி காய்கறி வெல வாசிக்கச் சொல்றாங்க மாமி. கத்தரிக்கா என்ன வெல, வெண்டைக்கா என்ன வெலன்னு! இதுக்கா நான் இம்புட்டுப் படிச்சேன்? போங்கடான்னு வந்துட்டேன்."

"அப்பிடிச் சொல்லு!" என்றார் மாமி. சொன்னதோடு நில்லாமல் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இப்போது மரியசெல்வத்தை அறிமுகப்படுத்த வேண்டும். கிதர் முகம்மதுவின் பழைய சிநேகிதர். ஊரில் ஒரு கேபிள் சேனல் நடத்துகிறார். கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, புதுக்கடை திறப்பு எல்லாம் வரும் என்றாலும் அந்தச் சேனலுக்கு உயிர் ஒரே நிகழ்ச்சிதான்: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் அன்றாடக் காய்கறி விலை. கன்னிவாடியில் தக்காளி போட்டவர் பறிக்கலாமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதை வாசித்துக்கொண்டிருந்த தீபாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. சேனலுக்கு உடனே ஆள் வேண்டும். இன்டர்ன்ஷிப் சான்றிதழும் தருவார்.

மரியசெல்வம் தஹ்சீனை மனதில் வைத்துத்தான் அத்தாவின் கடைக்கு வந்தார். டீ குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து போய்விட்டார். அத்தா ராத்திரிச் சாப்பாட்டில் சாவகாசமாகச் சொன்னார்: "செல்வம் கடைக்கு வந்துட்டுப் போயி, பொறவு போன்ல சொல்றாம்மா. வெல வாசிக்க ஆளில்லையாம். ஒன்னையக் கேக்கணும்னுதான் வந்திருக்கான், தெருவுல பேசிக்கிற ஒங்கொள்கை தெரிஞ்சு வாயே தெறக்கலயாம். எம்புட்டு மரியாத பாத்தியா!"

தஹ்சீன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். கல்லூரி கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரை, திருச்சி என்று விண்ணப்பித்த எங்கேயும் பதில் இல்லை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கடைவரை வந்து, இவள் தைத்த காரணத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போயிருக்கிறார்!

மறுநாள் சேனலுக்கே போனாள். மாடியில் ஒரு அறை, பச்சைத் துணி, ஒரு மேசை. தனக்கு வராத வாசிப்போடு மரியசெல்வமே கேமரா முன்னால் முருங்கைக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். மக்களுக்கு விலைவாசிங்கிறது..."

"வேணாம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார் அவர். "பாய்க்காக நீ கொள்கைய விடாத. எனக்குப் பாவம் சேரும்."

"அப்பிடியில்ல அங்கிள். சமூகத்துல வெவசாயிங்கிறவங்க..."

"ஒன்னைய மாதிரி புள்ளைக நாட்டுக்கு வேணும்மா. இதுல வந்து மாட்டிக்கிறாத."

எத்தனை கதவைத் தட்டினாலும் தானே போட்ட பூட்டாகத் தொங்கியது. கடைசியில் தஹ்சீன் பெருங்குரலில் வெடித்தாள்: "எனக்கு ஒரு கொள்கையும் இல்ல அங்கிள்! என்னையத் தூக்கிட்டாங்க! குட்மார்னிங் சொல்லக்கூட விடல!"

அவர் விலைப் பட்டியலை மேசையில் வைத்தார். பிறகு மரியசெல்வம் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மீண்டும் சிரித்தார்.

"என்னையும் ஒரு பத்திரிகையில சேத்த வேகத்துல வீட்டுக்கு அனுப்புனாங்கம்மா. 'அடிமையா இருக்க முடியாது, சொந்தமா தொடங்கப் போறேன்'னு சொல்லித்தான் இந்தச் சேனல ஆரம்பிச்சேன். ஒங்க அத்தாவுக்கே தெரியாது. வெளிய சொல்லிப்புடாத, என்ன?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை, வாடகைக்கு வாங்கிய கோட்டில், முருங்கைக்காயின் ஏற்றத்தையும் தக்காளியின் சரிவையும் தஹ்சீன் வாசித்தாள். கொஞ்சம் வேகம், ஆனாலும் அருமையான வாசிப்பு. நாகல் நகரே பார்த்தது. சொன்னபடி மகள் டிவியில் வந்தாள் என்று ரம்ஜான் பீவி மறுபடியும் தெருவுக்கே சொன்னார். பட்டம் தப்பித்தது. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

திருந்திவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் கல்லூரியில் ஜூனியர் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, சென்னைச் சேனல விட்டுட்டு ஏங்க்கா உள்ளூருக்கு வந்தீங்க?"

தஹ்சீன் லேசாகச் சிரித்தாளாம். "அங்க இப்பவும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நாந்தான் போகல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கு அந்த வியாதி இல்லை, தெரியும். இதுவரை எந்த இடத்திலிருந்தும் உங்களை யாரும் அனுப்பியதில்லை, எல்லாம் நீங்களாக விட்டதுதான். அந்த வேலையும் அப்படித்தான், அந்தச் சங்கப் பொறுப்பும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் நாகல் நகரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு நீங்களாகத்தான் வேண்டாம் என்று சொன்னீர்களாம், உங்கள் வீட்டில் சொன்னார்கள். நேற்றுதான் அந்தப் பெண் வீட்டில் டீ குடித்தேன். நல்ல மனிதர்கள், எதையும் மறக்கவில்லை.