கிளெம் எழுதிய பெயர்

நண்பன் கிளெம் டாபினை அடக்கம் செய்துவிட்டு வந்து, தேவாலயத்து மதிய விருந்தில் மிஞ்சிய பன்றி இறைச்சியை மூன்று பொட்டலமாக ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நார்பர்ட் குஷிக்குக்குப் போன் வந்தது. பம்பு கம்பெனியின் ஊழியர் நலப் பிரிவிலிருந்து ரோண்டா.

"நார்பர்ட், கிளெம் தன்னோட இன்ஷூரன்ஸுக்கும் கம்பெனிப் பங்குக்கும் உங்களைத்தான் நாமினியா போட்டிருக்காரு. அது விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"எவ்வளவு?"

"இன்ஷூரன்ஸ் ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர். பங்கு எழுபதாயிரம் தேறும். ஆனா கிளெம்..."

நார்பர்ட் போனை வைத்துவிட்டார். அவர் போனில் வருகிற அழைப்புக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு.

"பொண்டாட்டி லொரெய்ன் இருக்கும்போது கிளெம் உன் பேர்ல எதுக்கு எழுதினான்?" என்றாள் அவர் மனைவி வில்மா.

நார்பர்ட்டுக்குக் காரணம் தெரியும். முப்பத்தோரு வருடம் முன்பு அவரும் கிளெம்மும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இவர் கணக்குப் பிரிவு, கிளெம் கடைசல் பட்டறை. இரண்டு பேருமே கட்டைப் பிரம்மச்சாரிகள். படிவத்தில் நாமினி இடத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்கள். என் பெயரை நீ எழுது, உன் பெயரை நான் எழுதுகிறேன் என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள்.

"அப்புறம் கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்தா. மாத்தவே மறந்துட்டான், மறதிக்காரப் பய."

"சரி, உன் ஃபாரத்துல யாரு பேரு இருக்கு?"

நார்பர்ட் கடைசி இறைச்சிப் பொட்டலத்தை ஃபிரிட்ஜில் வைத்தார்.

"மாத்தணும்னா நோட்டரி கையெழுத்து வேணும் வில்மா. அஞ்சு டாலர் கேட்டான்."

வில்மா ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள். அன்று ராத்திரிச் சாப்பாடு அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பரிமாறவில்லை.

நார்பர்ட்டின் கைச்சிக்கனம் ஈரி நகரத்துக்கே தெரிந்த சங்கதி. ஒரு தேயிலைப் பையில் மூன்று கோப்பை டீ போடுவார். இறக்கத்தில் கார் எஞ்சினை அணைத்துவிடுவார். கடன் கேட்டு வந்தவன் அவருக்கே காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கதை கம்பெனியில் பிரசித்தம்.

கிளெம் மட்டும்தான் அவரை அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. தினமும் மதியம் ஏரியைப் பார்த்த பெஞ்சில் தன் சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியைக் கொடுப்பார். "உன் ரொட்டியைப் பார்த்தா எனக்கு அழுகை வருதுடா, இதைத் தின்னு." திங்கட்கிழமை நார்பர்ட் அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ஏரி உறைந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. தன் ரொட்டியை ஒரு கடி கடித்துப் பார்த்தார். அதைக் காக்கைக்குப் போட்டார். அவர் வாழ்க்கையில் எதையாவது சும்மா கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பணத்தை அவர் பெயரில் ஒரு கணக்கில் போட்டு, காசோலைப் புத்தகம் இலவசம் என்று எழுதியிருந்தார்கள். இலவசம் என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்லி நார்பர்ட்டுக்குப் பழக்கமில்லை. பூக்கடையில் கிளெம்முக்கு வைத்த மலர்வளையத்துக்கு அறுபத்தைந்து டாலர் பாக்கி இருந்தது. கிளெம்முக்கு வைத்ததற்குக் கிளெம்மே கொடுக்கட்டும் என்று அந்தப் புத்தகத்திலிருந்தே முதல் காசோலையைக் கிழித்தார்.

மறுநாள் லொரெய்ன் வாசலில் வந்து நின்று அழுதாள்.

"வீட்டுக் கடன் மூணு தவணை நிக்குது நார்பி. டீனாவுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும். கிளெம் என்னை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரே!"

அவள் கழுத்தில் ரோஜா நிறத்தில் ஒரு சுருள் கயிறு, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. தேவாலயப் பெண்கள் சங்கத்து அடையாள அட்டையாக இருக்கும் என்று நார்பர்ட் நினைத்துக்கொண்டார். லொரெய்ன் திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, செவ்வாய்க்கிழமை பஸ்ஸு! நான் வரேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

"பாவம், கார் ஓட்டக்கூட மனசில்லாம பஸ்ஸுல அலையறா," என்றார் நார்பர்ட்.

அந்த வெள்ளிக்கிழமை தவக்கால மீன் விருந்து. நார்பர்ட் தட்டுடன் போய் உட்கார்ந்த மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் வில்மாவும் எதிரே ஒரு கெட்சப் புட்டியும்தான் மிச்சம்.

"பொணத்தோட பையில கை விட்டவன்னு பேசிக்கிறாங்க," என்றாள் வில்மா. "முப்பது வருஷமா கஞ்சன் பொண்டாட்டின்னாங்க, தாங்கிக்கிட்டேன். இதை என்னால தாங்க முடியாது நார்பர்ட்."

முட்டைக்கோஸ் பரிமாற வந்த பெண் கிளெம்மின் மகள் டீனா. பத்தொன்பது வயது, அப்பாவின் அதே பெரிய காதுகள். அவர் தட்டில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பணத்தை நீங்களே வச்சுக்குங்க அங்கிள்."

ஊரே ஏசியதைத் தாங்கிய நார்பர்ட்டுக்கு அந்தக் குழந்தையின் குத்தல் பொறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வில்மா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பணத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ரோண்டாவைத் தேடிப் போனார். முதுகில் ஆபரேஷன், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆகவே ஐந்து டாலர் நோட்டரிக்கே யோசித்த மனிதர், மணிக்கு இருநூற்றைம்பது டாலர் வாங்கும் வக்கீல் கார்டெல்லாவிடம் போனார்.

"தாராளமா மறுக்கலாம். நீங்க மறுத்தா பணம் தானா மனைவிக்குப் போயிடும்," என்றார் கார்டெல்லா. "அதுல ஒரு பைசாகூட நீங்க தொடலையே?"

"ஒரு மலர்வளையம் மட்டும்..."

"தொட்டுட்டீங்களா? அப்ப ஏத்துக்கிட்ட மாதிரிதான். இனிமே மறுக்க முடியாது, அன்பளிப்பாத்தான் கொடுக்கணும். அதுக்குத் தனியா வருமான வரி ஆபீஸுல கணக்குக் காட்டணும். நானே எழுதித் தரேன், ஃபீஸ் தனி."

"அந்தப் பங்குகளை அப்படியே லொரெய்ன் பேருக்கு மாத்திடலாமா?"

"கம்பெனி விதிப்படி கூடாது. நீங்க வித்துத்தான் பணமா கொடுக்கணும். நீங்க எந்தப் பிரிவு?"

"கணக்கு."

கார்டெல்லா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப காலாண்டுக் கணக்கு வெளிவர்ற வரைக்கும் விக்கவும் கூடாது. உள்விவரம் தெரிஞ்சு வித்ததா ஆயிடும். ஜெயில்."

நார்பர்ட் காத்திருந்தார். கணக்கைத் தயாரித்ததே அவர்தான். அதில் நஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். யாரிடமும் வாய் திறக்க முடியாது. கணக்கு வெளிவந்த அன்று எழுபதாயிரம் நாற்பத்தாறாயிரமாகச் சுருங்கியது. விற்றார். விற்ற பணத்துக்கு வருமான வரி என்று ஒரு தொகை வந்தது.

"கிளெம்மோட பங்குதானே, கிளெம் கணக்குல போடக்கூடாதா?"

"செத்தவர் எப்படிங்க கட்டுவாரு? வாங்கினவர்தான் கட்டணும்," என்றார் கார்டெல்லா. அதைச் சொன்னதற்கும் பில் கொடுத்தார்.

நார்பர்ட் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஏரியைப் பார்த்தார். பனி உருகி ஓரமாகத் தண்ணீர் தெரிந்தது. குறைவாகக் கொடுத்தால் ஊர் நம்பாது, டீனா நம்பவே மாட்டாள். வங்கிக்குப் போய்த் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து இருபத்து நான்காயிரம் எடுத்தார். வரியையும் அதிலிருந்தே கட்டினார். மலர்வளையத்தின் அறுபத்தைந்தையும் திரும்ப வைத்தார். காசாளர் பெண் அவரை இரண்டு தடவை ஏற இறங்கப் பார்த்து, யாராவது மிரட்டுகிறார்களா என்று ரகசியமாகக் கேட்டாள்.

"சமையலறைக் கூரைக்குன்னு வச்சிருந்த பணம்," என்றாள் வில்மா. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லை, ஒழுகட்டும்."

கல்யாணமானதிலிருந்து அவள் அப்படி அவரைப் பார்த்ததில்லை. நார்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை லொரெய்ன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நார்பர்ட் காசோலையை அங்கேயே நீட்டினார். இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம், ஒரு டாலர் குறையாமல். லொரெய்ன் அதை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். நடுத்தெருவில் அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"நீ மனுஷன் இல்ல நார்பி, தெய்வம்!"

"டீனாகிட்ட சொல்லு, அங்கிள் கொடுத்துட்டார்னு."

"சொல்றேன், சொல்றேன்!" பஸ் வந்தது. லொரெய்ன் சின்னப் பெண்போலத் தாவி ஏறினாள். கழுத்துக் கயிறு துள்ளியது.

நார்பர்ட் நடந்தே கம்பெனிக்குப் போனார். உடம்பு லேசாக இருந்தது. கொடுப்பது என்பது இவ்வளவு சுகமா, இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்று ஆதங்கப்பட்டார். ஊழியர் நலப் பிரிவில் ரோண்டா முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். நார்பர்ட் அவள் மேஜையில் ஒரு ஐந்து டாலர் நோட்டை வைத்தார்.

"நோட்டரிக்கு. என் நாமினியை மாத்தணும் ரோண்டா. கிளெம் பேரை எடுத்துட்டு வில்மா பேரைப் போடு. பழைய ஃபாரம் எவ்வளவு வம்பு பண்ணும்னு இப்பத்தான் புரிஞ்சுது. முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தி கிளெம் விளையாட்டா எழுதினது, என்னைப் படாத பாடு படுத்திடுச்சு."

ரோண்டா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"முப்பத்தோரு வருஷமா? கிளெம் அதைப் போன அக்டோபர்லதானே எழுதினாரு! இதே நாற்காலியில உக்காந்து லொரெய்ன் பேரை அடிச்சுட்டு உங்க பேரைப் போட்டாரு. 'அவ கைக்குப் போனா ஒவ்வொரு செவ்வாயும் அந்தச் சூதாட்ட விடுதி அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போய் சூதாட்ட மெஷினுக்கே அத்தனையும் தீனி போட்டுடுவா ரோண்டா. நார்பர்ட் கைக்குப் போனா டீனா ஃபீஸைத் தவிர எவன் தலைகீழா நின்னாலும் ஒரு காசு வெளிய வராது, என் பொண்ணு படிச்சு முடிச்சுடுவா'ன்னாரு. அன்னைக்கே சொல்லலாம்னா நீங்க போனை வச்சுட்டீங்க. பணம் பத்திரமாத்தானே இருக்கு, நார்பர்ட்?"