அப்பா கட்டின மாதிரியே

புகை வெளியே போயிருக்க வேண்டும். அது கூடத்திலேயே குடியேறிவிட்டது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?" என்று சமையலறை வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சோபா பக்கத்துல."

"சோபா எங்க இருக்கு?"

லிஃப்ட் மெக்கானிக் இருமினார். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குவது அவர் தொழில். கொஞ்சம் புகையை மேலே ஏற்ற முடியவில்லை என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

மூலையில் அவர் தம் கையாலேயே கட்டிய, குளிர்காய்வதற்கான செங்கல் கணப்பு மார்பளவு உயரத்துக்கு நின்றது. அதன் இரும்புக் கதவின் இடுக்கிலிருந்தெல்லாம் புகை கசிந்துகொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் கரன்ட் போன அன்றைக்கு எடுத்த சபதம் அது. இனி யார் தயவும் வேண்டாம். நம் விறகு, நம் நெருப்பு, மாடியில் நம் தக்காளி. இப்படிச் சொந்தக் காலில் நிற்பதற்காக, சாந்துக் கரண்டியைப் பக்கத்து வீட்டிலும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எதிர்வீட்டிலும் ஏணியைத் தெருமுனை வீட்டிலும் இரவல் வாங்கியிருந்தார். தக்காளி இதுவரை இரண்டு காய்த்திருக்கிறது.

உள்ளுக்குள் இருந்த ஆசை வேறு. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா வீட்டில் இதே மாதிரி ஒன்று கட்டினார். சாயங்காலமானால் அப்பா, அம்மா, மூன்று அக்காக்கள், கடைக்குட்டியான அவர் எல்லோரும் ஒரே கம்பளிக்குள் புகுந்து அதை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பெரியக்கா வாத்தியார்கள் மாதிரி பேசிக்காட்டுவாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்தச் சூடு இன்னும் அவர் முதுகில் இருக்கிறது.

இந்த வீட்டிலோ ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஹீட்டர். மகள்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையாகப் பறந்துபோவதற்குள், அந்த மாதிரி ஒரே ஒரு சாயங்காலமாவது வாய்த்துவிட வேண்டும் என்று அவர் ஏங்கினார். பெரியக்காவையும் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். அக்கா வருவதற்குள் கணப்பு எரிந்தாக வேண்டும்.

மூத்த மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். "அப்பா, ஆன்லைன் மீட்டிங்ல இருக்கறவங்க எல்லாம் என் வீட்டுல தீப்பிடிச்சிருக்கான்னு கேக்கறாங்க."

"பிடிக்கலன்னு சொல்லு. அதுதானே பிரச்சினையே!"

"புகை மேலதானே போகும்? நீங்க ஏன் குழாயை ஜன்னலுக்கு வெளிய கீழ பாத்து வளைச்சு விட்டிருக்கீங்க?"

"எங்கப்பா கட்டினதுல அப்படித்தான் இருக்கும். மழைத்தண்ணி உள்ள வராம இருக்க. அவர் காரணமில்லாம எதையும் செய்ய மாட்டார்."

அப்பாவை இழுத்துவிட்டால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. மகள் திரும்பிப் போனாள்.

விறகில்தான் ஈரம் என்று மெக்கானிக் கண்டுபிடித்தார். இரண்டு அறைகளிலிருந்து ஹீட்டர்களைத் தூக்கிவந்து, அவற்றின் எதிரில் விறகை அடுக்கிக் காயவைத்தார்.

"கரன்ட்டே வேண்டாம்னுதானே இதைக் கட்டினீங்க?" என்றாள் மனைவி.

"இது ஆரம்பத்துக்கு மட்டும். வண்டி கிளம்பற வரைக்கும் தள்ளத்தானே வேணும்?"

விறகு காய்ந்தது. புகை முன்னைவிடத் தெம்பாக வந்தது. காற்று போதவில்லை போலிருக்கிறது என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். புகை நகரவில்லை, குளிர் மட்டும் அழைத்த மாதிரி உள்ளே வந்தது. கடைசியில் சின்ன மகளின் ஹேர் டிரையரை வாங்கி, இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே நீட்டி முழு வேகத்தில் ஊதினார்.

உள்ளே இருந்த சாம்பல் மொத்தமும் கிளம்பி வெளியே வந்தது. சோபா, திரைச்சீலை, மனைவி என்று பாரபட்சமில்லாமல் படிந்தது.

"அம்மா, உனக்கு நரைச்சுடுச்சு!" என்றாள் சின்ன மகள்.

"உங்கப்பாவைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே ஆரம்பிச்சதுடி."

அந்த நேரம் பார்த்து 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டு ஹீட்டரையும் ஹேர் டிரையரையும் சேர்த்துத் தாங்க முடியாமல் மெயின் ஸ்விட்ச் கருகிவிட்டது. வீடு இருண்டது. கணப்பில் மிச்சமிருந்த நெருப்பும் அணைந்தது.

"புதுசுதான் மாத்தணும். நாளைக்குத்தான் முடியும்" என்றார் மெக்கானிக், மங்கிக்கொண்டிருந்த டார்ச்சை அணைத்தபடி.

"எதிர்வீட்டுல இரவல் கேட்டுப் பாக்கலாமாப்பா?" என்றாள் மூத்தவள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

இருந்தது ஒரே மெழுகுவர்த்தி. அதைக் கூடத்தில் வைத்ததால் எல்லோரும் கூடத்துக்கே வந்தார்கள். புகை போவதற்காக ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. மனைவி பெரிய கம்பளியைக் கொண்டுவந்தாள். நாலு பேரும் சாம்பல் படியாத ஒரே இடமான கணப்பின் பக்கவாட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

சின்னவள் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "மழைத்தண்ணி உள்ள வராம இருக்க!" என்றாள். மனைவி சிரித்த சிரிப்பில் கம்பளியே குலுங்கியது. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

பெரியக்கா வந்து சேர்ந்தபோது கதவு திறந்தே கிடந்தது.

"வாங்க அண்ணி. பாத்து வாங்க, சோபால உக்காராதீங்க" என்றாள் மனைவி.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் கம்பளிக்குள் நுழைந்து தம்பியின் பக்கத்தில் இடம்பிடித்தாள். அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்க்கா. அப்பா கட்டின மாதிரியே, ஒரு செங்கல் மாறாம கட்டினேன். அந்தச் சூடு வரவே இல்ல."

அக்கா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வரை போய், வெளியே கீழ்நோக்கி வளைந்திருந்த குழாயைப் பார்த்தாள். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா கட்டினதும் ஒரு நாள்கூட எரியலடா. குளிர் தாங்காம உன்னை நடுவுல வெச்சு நாங்க அஞ்சு பேரும் ஒட்டிக்கிட்டு உக்காந்தோமே, அதுதான் நீ சொல்ற அந்தச் சூடு!"