மூன்று வீட்டுக்கும் ஒரே பசு

நான் வாழ்நாளில் வளர்த்த பசு ஒன்றே. அதற்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை, உடம்பும் இல்லை. ஆயினும் அது உரும்பிராயின் மூன்று பெரிய வீடுகளில் ஒரே கிழமையிற் கன்று ஈன்று, எனக்குக் கிடைக்கவிருந்த உத்தியோகத்தை ஏறக்குறைய மேய்ந்துவிட்டது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. பண்டிதர் தேர்விலே தேறியிருந்தேன், வயது இருபத்துமூன்று. "தண்ணீர் தாருங்கள்" என்று கேளாமல் "பருகுநீர் அருளுக" என்று கேட்டுத் தாகத்தோடு திரும்பிய நாள்கள் பல. ஊர்ச் சைவப் பாடசாலையில் தமிழாசிரியர் இடம் ஒன்று வெறுமையாயிருந்தது. அதன் முகாமையாளர் புகையிலை வணிகத்தாற் செல்வரானவர். அவர் எவர் சொல்லையும் கேளார், தம் மனைவி மீனாட்சிப்பிள்ளை அம்மையாரின் சொல்லைத் தவிர.

அவ்வம்மையார் வீட்டு விறாந்தையிலே வெள்ளிதோறும் பிற்பகலில் புராண படனம் நடைபெறும். அவரும், அவரைப் போன்றே செல்வந்தரான அன்னப்பிள்ளை, விசாலாட்சி என்னும் தோழியர் இருவரும் ஆளுக்கொரு நூலை மடியில் விரித்து அமர்வர். நான் பாடி, பொருள் விரித்துப் பயன் சொல்வேன். ஒருவர் பக்கம் புரட்டினால் மற்றையோரும் புரட்டுவர். சில நாள்களில் ஒருவருமே புரட்டார். ஒரே பக்கத்தில் இருந்தபடியே முழுப் போர் ஒன்று நடந்து முடிந்ததுமுண்டு. பக்தி மேலீட்டால் அசைவற்றிருக்கின்றனர் என்று நான் முடிவு செய்தேன். (என்ன கூர்மதி!)

ஒருநாள் மீனாட்சிப்பிள்ளை அம்மையார் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது. மிசன் பள்ளிக்கூடத்துக்கு விட்டால் வேதக்காரியாக்கிப்போடுவினம் எண்டு ஐயா விடேல்லை. உவள் அன்னப்பிள்ளையும் விசாலாட்சியும் கடகடவெண்டு வாசிக்கிறாளவை. அவைக்குத் தெரிஞ்சால் நான் தலை நிமிர்த்தேலாது. கொழும்பிலை இருக்கிற மோனுக்கு என்ரை கையாலை ஒரு கடிதம் எழுதவேணும். பழக்கிவிடுவீரோ?"

"திண்ணமாக, அம்மா."

"என்ன?"

"ஓமம்மா, ஓம்."

மறுகிழமை அன்னப்பிள்ளை அம்மையார் தனியே அழைத்து, பெயரை மட்டும் மாற்றி, அதே கதையைச் சொன்னார். அதற்கடுத்த கிழமை விசாலாட்சி அம்மையார். மூவருக்கும் சத்தியம் செய்துகொடுத்தேன். மூன்று வீட்டிலும் பின்வாயில் வழியாகப் புகுந்து நான்கு மாதம் கற்பித்தேன்.

கடிதம் எழுதும் காலம் வந்தது. என் புலமை முழுவதையும் பிழிந்து ஒரு மாதிரிக் கடிதம் யாத்தேன்: "குணக்குன்றாய மைந்த! ஈண்டு யாவரும் நலம். நம் இல்லத்துச் செவலைப் பசு பெண்கன்று ஈன்றது. அது தன் கன்றை நக்குந்தோறும் யான் நின்னை நினைந்து நெட்டுயிர்க்கின்றேன்."

"எங்கடை வீட்டிலை பசு இல்லையே, தம்பி?" என்றார் அன்னப்பிள்ளை அம்மையார்.

"இஃது இலக்கியப் பசு, அம்மா."

"அப்ப பால் கறக்காதோ?"

இத்தகைய வாசகம் ஒருவனுக்கு மூன்று முறை வாய்க்காது என்பதால் மூவருக்கும் அதனையே கொடுத்தேன். நாற்பது முறை எழுதிப் பழகி, நாற்பத்தோராவதை அஞ்சலிற் சேர்த்தனர். அம்மூவரின் புதல்வரும் கொழும்பிலே சமறி என்னும் ஒரே கூட்டு விடுதியில், ஒரே பானைச் சோற்றை உண்டு வாழும் எழுதுவினைஞர் என்பது ஊரறிந்த செய்தி. பண்டிதர் மட்டும் அதனைச் சிந்தித்திலர்.

பதில்கள் வந்தன, மூன்று தாயரும் ஒரே கடிதத்தையே எழுதியது எவ்வாறு என்ற வினாவோடு. மீனாட்சிப்பிள்ளை அம்மையார் கொதித்தார்.

"தம்பி, களவு நடந்திருக்கு! என்ரை கடிதத்தை உவளவை ஆரோ பாத்து எழுதியிருக்கினம். எழுத்துத் தெரிஞ்சவளவைக்கு என்ரை கடிதம் என்னத்துக்கு? நீர் ஆளைக் கண்டுபிடியும். பிடிச்சுத் தந்தால் பள்ளிக்கூட அலுவலை நான் அவரிட்டைக் கதைக்கிறன்."

மற்றையோர் இருவரும் எழுத்தறிந்தவர்கள். அவர்களுக்கு ஆசிரியன் எதற்கு? இவ்வாறு நம்பியமையால் ஒருவரும் என்னை ஐயுறவில்லை. இரண்டு நாளைக்குள் மற்றை இருவரும் அதே பணியை எனக்களித்தனர். கள்ளனும் நானே, மூன்று வீட்டுத் துப்பறிவாளனும் நானே. உண்மையைச் சொன்னால் உத்தியோகம் போம், மூன்று சத்தியமும் உடையும். சொல்லாவிட்டால் முப்பதாண்டுத் தோழமை முறியும். என் கண்முன்னே முறிந்துகொண்டுமிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மூவரும் நூலுக்கு மேலால் ஒருவரையொருவர் முறைத்தனர். படனம் முடிந்ததும் வரும் பயற்றம் பணியாரத் தட்டும் நின்றுபோயிற்று. "விசாரணை நடைபெறுகின்றது" என்று மூன்று கிழமை மழுப்பினேன்.

பொங்கல் விடுமுறைக்குப் புதல்வர் ஊர் வந்தனர். படனத்தின் நடுவே மீனாட்சிப்பிள்ளை அம்மையாரின் மகன் மகாலிங்கம் விறாந்தைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான்.

"மாமி, ரெண்டு பேரும் கேளுங்கோ. இதை முதல்லை ஆர் எழுதினது எண்டு சமறியிலை ஒரே சண்டை. குணக்குன்றாய மைந்த!"

சிரிப்புக்காக நிறுத்தினான். அடுத்த வரி அவன் வாயிலிருந்து வரவில்லை.

"ஈண்டு யாவரும் நலம்" என்றன மூன்று குரல்கள்.

நாற்பது முறை எழுதிய கை. வாய் தானே சொல்லிற்று. தேவாரத்தை நடுவில் நிறுத்த இயலாதவர் போன்று மூவரும் நிறுத்த இயலாமல், பசுவையும் கன்றையும் கடந்து "நெட்டுயிர்க்கின்றேன்" வரை சென்று, அதன்பின்னரே வாயைப் பொத்தினர்.

"அப்ப உனக்கும் எழுத்துத் தெரியாதோடி?" என்றார் அன்னப்பிள்ளை அம்மையார்.

"உனக்கும் தெரியாதோ? இவ்வளவு காலமும் உன்னைப் பாத்தெல்லோ நான் ஒற்றை புரட்டினனான்!" என்றார் மீனாட்சிப்பிள்ளை அம்மையார்.

"நான் விசாலாட்சியைப் பாத்து!"

"நான் பண்டிதர் மூச்சு விடேக்கை புரட்டினனான்" என்றார் விசாலாட்சி அம்மையார்.

மூன்று தலைகளும் என்பால் திரும்பின. அவ்விறாந்தையில் மூவரும் தாமாகவே ஒருங்கு பக்கம் புரட்டியது அன்றுதான். நான் எழுந்து ஓட முயன்றேன். வேட்டி காலிற் சிக்கிற்று. தண்ணீர்ச் செம்பின்மேல் விழுந்தேன். (பருகுநீர் ஒருவாறு அருளப்பெற்றது.) மூவரும் கழுத்து நகைகள் குலுங்கச் சிரித்தனர்.

"கள்ளனைப் பிடிச்சுத் தந்திட்டீர், தம்பி" என்றார் மீனாட்சிப்பிள்ளை அம்மையார். "பள்ளிக்கூட அலுவலை நான் கதைக்கிறன். ஆனால் இனி மூண்டு பேருக்கும் ஒண்டாய், முன்வாசலிலை இருந்து பழக்கும். உம்மடை பசுவும் வேண்டாம், கண்டும் வேண்டாம்."

அங்கேயே ஒரு தாளை வாங்கி, நெடுநேரம் குனிந்திருந்து எழுதி மகனிடம் நீட்டினார். "மோனை நீ மெலிஞ்சு போனாய். எண்ணை வைச்சு முழுகு. அம்மா." அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மகாலிங்கம் சிரிப்பை நிறுத்தினான். செவலைப் பசுவை என் மடியிற் போட்டுவிட்டு, அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிழைகள் எத்தனை என்று என் கண் எண்ணத் தொடங்கிற்று, ஏனோ முடிக்கவில்லை.

வேலை கிடைத்தது. மாணவருக்குப் பசுவைப் பற்றிக் கட்டுரை கொடுத்தலாகாது என்பது முகாமையாளர் விதித்த ஒரே நிபந்தனை. விசாலாட்சி அம்மையார் ஈராண்டின் பின் எனக்கு மாமியாரானார். அவர் வாயிலாகப் பசு எங்கள் குடும்பத்துட் புகுந்தது, இன்னும் வெளியேறவில்லை. கண்டியில் வாழும் என் மகள் எழுதும் கடிதமெல்லாம் "செவலைப் பசு நலம்" என்றே முடியும். சென்ற கிழமை பேத்தி தன் முதற்கடிதத்தை எழுதியிருந்தாள்: "அம்மப்பா, பசு திரும்பவும் கண்டு போட்டுது."

கன்று ஆணோ பெண்ணோ எனக் குறிப்பிடாமை பெருங்குறை என்று உடனே பதில் எழுதினேன்.