மூன்றாம் தரம், இரண்டாம் தாரம்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பாவம், அவர்கள் தென் கொரியாவின் சுவோன் நகரத்துக்கு வந்ததில்லை. இங்கே பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இயங்கும் 'இரண்டாம் வசந்தம்' மறுமணச் சேவை நிறுவனத்தின் நூறு புள்ளி அட்டவணையைப் பார்த்திருந்தால், சக்கரத்தைப் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்திருப்பார்கள். காதல் என்கிற குழப்படியான சமாச்சாரத்தை மூன்று தரங்களாகப் பிரித்து, மிச்சத்தைத் 'தரத்துக்கு வெளியே' என்று ஒதுக்கி வைத்த பெருமை அந்த அட்டவணையையே சேரும்.

மா சொன்ஜு அந்த மாடிப்படி ஏறியது ஒரு வசந்த காலச் சனிக்கிழமை. நாற்பத்தொரு வயது. வேலை, மாட்டிறைச்சிக்குத் தரம் போடுவது. குளிர்கூடத்தில் தொங்கும் விலாவில் டார்ச் அடித்து, கொழுப்பு எப்படிப் படர்ந்திருக்கிறது என்று பார்த்து முத்திரை குத்துவாள். விவாகரத்தாகி நாலு வருடம். ஒன்பது வயது மகள் போமி செய்யும் குறும்பைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. இந்தச் சின்ன ஆசைக்கு எட்டுப் பக்கப் படிவம் இருந்தது.

ஆலோசகர் பியோ பேனாவைத் திறந்தார்.

"உங்க முன்னாள் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா மேடம்?"

"இருக்கார். தினம் காலையில அஞ்சு கிலோமீட்டர் ஓடுறார்."

"அடடா." பியோ மனதார வருந்தினார். "போய்ச் சேர்ந்திருந்தா ஆறு புள்ளி கூட வந்திருக்கும்."

ஐந்தாம் பக்கத்தில் 'உடன்வருவன' என்று ஒரு கட்டம். நாய், பியானோ, குழந்தை மூன்றுக்கும் அதே இடம்தான். நாய்க்கு மூன்று புள்ளி கழிவு. பியானோவுக்கு இரண்டு கூடுதல். குழந்தைக்குப் பதினெட்டு கழிவு.

"அப்பாகிட்ட இருக்குன்னு போட்டுடலாம் மேடம். நாலு புள்ளிதான் போகும். நேரா ஒண்ணாம் தரம்."

"என்கிட்டதானே இருக்கா?"

"இருக்கட்டுமே. படிவத்துல இருக்க வேணாம்."

"மூணாம் தர மாட்டுக்கு நான் ஒண்ணாம் தர முத்திரை குத்தினா, என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க சார்."

நேர்மைக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. இரண்டாம் தாரமாகப் போகலாம் என்று வந்தவள், மூன்றாம் தரமாகத் திரும்பினாள்.

ஆனால் அவள் விதிப் புத்தகத்தோடு பிழைப்பு நடத்துகிறவள். நிறுவனத்தின் பதினாலாம் விதிப்படி மறுமதிப்பீடு கோரி மனுப் போட்டாள். மூன்று உறுப்பினர் கொண்ட 'உயர்மட்டக் குழு' கூடியது. நாலு பேர் உட்காரும் அறையில் மைக் வைத்துப் பேசினார்கள். உடன்வருவதை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்றதால், போமியும் ஆஜரானாள்.

"பாப்பா, வீட்டுக்குப் புது அப்பா வந்தா என்ன கேப்பே?" என்றார் குழுத் தலைவர், மைக்கில்.

"பாத்திரம் கழுவத் தெரியுமான்னு கேப்பேன். அம்மா கழுவினா எண்ணெய் போகாது."

'குறை காணும் இயல்பு' என்று எழுதி, இன்னும் இரண்டு புள்ளியைக் கழித்தார்கள்.

"என்னால எவ்வளவு போச்சு?" என்று போமி கேட்டாள்.

"இப்ப இருபது" என்றார் பியோ. உண்மையை மறைக்காத நிறுவனம்.

போமி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். "அம்மா, நான் பாதி வாரம் அப்பா வீட்ல இருந்துக்கறேன். அப்ப பத்துதானே போகும்?"

பதினாறு வருடமாக ஆயிரக்கணக்கில் தரம் போட்ட சொன்ஜுவுக்கு, தரம் என்ற சொல்லே அப்போது கசந்தது. மேசையிலிருந்த மனுவை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"எனக்கு எந்தத் தரமும் வேணாம் சார். போமி, வா."

வெளியே தாழ்வாரத்தில், அடுத்த விசாரணைக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நோ தல்ஹோ, லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இரண்டு பக்கமும் ஐந்து வயது இரட்டைப் பெண்கள், வாய் நிறையக் கிம்பாப் சோற்றுச் சுருள்.

"உங்களுக்கு என்ன தரங்க?" என்றார்.

"மூணு. உங்களுக்கு?"

"தரத்துக்கு வெளிய. ரெண்டு பிள்ளைங்க, முப்பத்தாறு போச்சு."

"மாட்டுல தரத்துக்கு வெளியன்னா அதை யாரும் சமைக்க எடுக்க மாட்டாங்க."

"சமைக்கறதை நான் பாத்துக்கறேங்க. நல்லாவே சமைப்பேன்."

சொன்ஜு சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

"பாத்திரம் கழுவுவீங்களா?" என்று போமி குறுக்கே புகுந்தாள்.

"தினம் கழுவறேன். அதைக் கேக்கத்தான் அவங்க படிவத்துல இடமே இல்ல."

பியோ ஓடி வந்தார். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. மூணாம் தரமும் தரத்துக்கு வெளியும் பேசிக்கறது விதி ஒன்பதுக்கு விரோதம்."

தல்ஹோ ஒரு மகளைத் தூக்கிக்கொண்டார். இன்னொருத்தி போமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விதி ஒன்பதை மாடியிலேயே விட்டுவிட்டு ஐந்து பேரும் கீழே இறங்கி, எதிர்க் கடையில் சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் சாப்பிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது.

காதல் தன் தாழ்வாரத்தில் தொடங்கியதால் இது தன் சாதனைதான் என்று நிறுவனம் பெருந்தன்மையோடு அறிவித்தது. கல்யாணப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி, 'முதல் தர வெற்றி ஜோடி' என்று எழுதி வரவேற்பறையில் மாட்டியது. பாராட்டு விழாவுக்கும் அழைத்தது.

சொன்ஜு போய்ப் பார்த்தாள். ஐந்து பேர் நின்று எடுத்த படத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்ற மூவரையும் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அவள் பாவாடையைப் பற்றியிருந்த போமியின் நாலு விரலை மட்டும் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் பியோ, பெருமையாக.

சொன்ஜு ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரருக்குத் தரும் மரியாதையோடு படத்தை நன்றாகப் பார்த்தாள்.

"வெட்டு ரொம்ப நேர்த்தி சார். நாங்களும் வெட்டித்தான் தரம் போடறோம். ஆனா மாட்டோட உயிர் போற வரைக்கும் காத்திருப்போம்."